ரெசிடென்சி கிடைத்த தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உனக்கு ரெசிடென்சி (கலைஞர்கள் கொஞ்ச காலம் வேறு ஊரில் தங்கி வேலை செய்ய இடம் தரும் திட்டம்) கிடைத்த செய்தி பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். கூடவே நீ அனுப்பிய வேலைத் திட்டத்தைப் பார்த்ததும்தான் கொஞ்சம் பயமாகிவிட்டது. மூன்று மாதத்தில் 12 ஓவியம், வாரத்துக்கு ஒன்று, எதற்கு எந்த நிறம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறாய். இதை உன் அறையிலேயே வரைந்துவிடலாமே, எதற்கு விமானம் ஏற வேண்டும்?

1666இல் ரோமில் பிரெஞ்சு அகாடமியைத் தொடங்கியபோது, அங்கே போன இளம் கலைஞர்கள் பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பிரதி எடுத்து பதினான்காம் லூயி மன்னருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சோறு போட்டவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், சரி. இன்றைக்குப் பல ரெசிடென்சிகளில் அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. நாமேதான் உள்ளுக்குள் ஒரு ராஜாவை உட்காரவைத்துவிட்டு அவருக்குப் படியளந்துகொண்டிருக்கிறோம்.

நானும் முதல் தடவை இப்படித்தான் போனேன். முதல் மாதமே திட்டப்படி நான்கு ஓவியம் முடித்தாயிற்று, நான்குமே வீட்டில் வரைந்தவை போலவே இருந்தன. பக்கத்து ஸ்டுடியோவில் வீடியோ செய்கிற ஒருவர், நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் ராத்திரி பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார், உன் படங்களில் நிறம் ஏன் எப்போதும் கேன்வாஸ் ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியோடு அப்புறம் இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன்.

பாரிஸில் சித்தே அந்தர்நாசியோனால் தே ஸார் என்று ஒரு ரெசிடென்சி, 1965இல் திறந்தது, 300க்கும் அதிகமான ஸ்டுடியோக்கள், ஓவியரும் இசைக்கலைஞரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமியில் பீங்கான், உலோகம், அச்சு என்று தனித்தனிப் பட்டறைகள், கூடவே நின்று சொல்லித்தரும் தொழில்நுட்பக்காரர்கள். நீ போகிற இடத்திலும் ஒரு சூளை இருந்தால், பத்து நாள் தூரிகையைத் தொடாமல் மண்ணில் கைவைத்துப் பார். வெடித்துப் போனாலும் பரவாயில்லை.

வெளியாட்கள் வந்து நம் வேலையைப் பார்க்கும் ஓப்பன் ஸ்டுடியோ நாளுக்காகச் சுவரைத் துடைத்துக் கண்காட்சி மாதிரி ஆக்கிவிடாதே. கண்காட்சிகளுக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் கியூரேட்டர்கள் முடிந்த வேலையை எங்கும் பார்ப்பார்கள், பாதியில் நிற்பதைப் பற்றி உன்னோடு பேசத்தான் அங்கே வருகிறார்கள் (சிலர் ஒயினுக்கும் வருவார்கள்).

இனி நடைமுறை. அழைப்புக் கடிதத்தில் எதற்குப் பணம் தருகிறார்கள் என்று நன்றாகப் படி: தங்குமிடம் மட்டுமா, பயணமும் பொருட்செலவும் உண்டா, மாதப் படி தனியா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா என்றால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான், அதாவது மூன்று மாத ரெசிடென்சிக்கு முன்னும் பின்னும் ஊர் சுற்ற இடமே இருக்காது. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைனை விமானத்தில் விடமாட்டார்கள், போன இடத்தில் வாங்கிக்கொள். தடிமனாக எண்ணெய் வண்ணம் பூசினால் கடைசி வாரத்திலும் ஈரமாகவே இருக்கும், அதனால் கனமானவற்றை முதலில் முடி. திரும்பும்போது கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டு. 12க்குப் பதில் மூன்றோடு வந்தால் சுமையும் குறைவு.

அன்புடன்,
உன் பழைய ஸ்டுடியோ தோழி