பாசி எடுக்கும் கைக்கும் ஒரு பெயர் உண்டு

கடற்கரை ஒளிப்படக் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். 11 வருடமாகக் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவள் நான். என் அம்மா கடல்பாசி எடுப்பவர். இந்த மடலை எழுத இரண்டுமே காரணம்.

போன வருடம் வாசலுக்கு நேரே நீங்கள் மாட்டியிருந்த பெரிய படம் நினைவிருக்கும். இடுப்பளவு நீரில் ஒரு பெண், விரல் விரலாகத் துணி சுற்றிய கை, கையில் சொட்டும் பாசி. 'கடலின் மகள்' என்று தலைப்பு. கீழே எடுத்தவர் பெயர், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் வரை எழுதியிருந்தது. படத்தில் நிற்பவர் என் அம்மா. அவர் பெயர் எங்கும் இல்லை. அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்த சேதியே நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். நல்ல படம் அது. எடுத்தவர்மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயரை எழுத ஒரு கட்டம்கூட இல்லையே, அதுதான் என் வருத்தம்.

அதே மண்டபத்தில் 'ஒளிப்படம் பிறந்த கதை' என்று ஒரு சுவர் வைத்திருந்தீர்கள். நியெப்ஸ், டாகுவேர், டால்பட் என்று வரிசையாக ஆண்கள். அந்தச் சுவரில் இருந்தே ஆக வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். நம் கரைக்கு அவர் ரொம்ப நெருக்கம்.

அன்னா அட்கின்ஸ். 1799-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அன்னாவின் அப்பாவுக்கு அவர் நண்பர். மறு வருடமே, 1843-இல், அந்த முறையில் அச்சிட்ட பக்கங்களை அன்னா புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பது அதைத்தான். எதைப் பற்றிய புத்தகம் தெரியுமா? கடல்பாசி! தாளில் ரசாயனம் தடவி, மேலே பாசியைப் பரப்பி, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, பக்கம் பக்கமாகக் கையாலேயே செய்தார். கேமரா இல்லை. முழுதாக முடிக்க 1853 ஆகிவிட்டது. அதில் தன் பெயரை அவர் போட்டது 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்தாக மட்டும். பின்னால் ஒரு பிரதியைக் கையில் வைத்திருந்தவர், அதற்கு 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது 'பெயர் தெரியாத ஆர்வலர்' என்று பொருள் கொண்டார். ஒளிப்பட வரலாற்றின் முதல் புத்தகத்தை உண்டாக்கிய பெண்ணுக்கே இந்தக் கதி.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் வாங்கி, இருட்டறையில் தாளில் தடவிக் காயவைத்தேன். கரையில் ஒதுங்கிக் கிடந்த கஞ்சிப்பாசியை அலசிப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து, மொட்டை மாடி வெயிலில் பத்து நிமிடம். வாளித் தண்ணீரில் முக்கியதும் நீலம் பொங்கி வந்தது. வந்த வேகத்தில் வெளிறவும் செய்தது. நம்ம ஊர் போர் தண்ணீரின் காரத்தன்மை அந்த நீலத்துக்கு ஆகாது. அடுத்த தாளுக்கு வாளியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நின்றது. மயிரிழை மாதிரி கிளை கிளையாக, வெள்ளை வெளேரென்று பாசி.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் இளசுடி. இதை ஏன் புடுங்குன?" என்று கேட்டார். கரையில் கிடந்தது என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, மற்ற நாள் அது வளரட்டும் என்று தாங்களே பேசி வைத்துக்கொண்ட பெண்களில் ஒருவர் அவர். மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் தண்ணீருக்கடியில் தடவியே சொல்லிவிடுவார். அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதத் தகுதியான ஆள் அவர்தானே?

ஜூலியா மார்கரெட் கேமரனையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் மகளும் மருமகனும் வாங்கித் தந்த கேமராவோடு தொடங்கி, உருவப்படக் கலையையே மாற்றியவர். கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879-இல் அங்கேயே இறந்தார். அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் காப்பித் தோட்ட வேலைக்கு நம் ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாகப் போன சனம் கொஞ்சநஞ்சமில்லை. இலங்கையில் அவர் எடுத்ததில் 30-க்கும் குறைவான படங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. 1878-இல் எடுத்த ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்களின் குழு'. பேர் இல்லை. கேமரனை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தலைப்பைப் பார்த்தபோது உங்கள் 'கடலின் மகள்' தான் ஞாபகத்துக்கு வந்தது.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்களும் அவர் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இன்றும் கல்யாண வீட்டுக்கு நான் போய் நின்றால், "அண்ணன் வரலையாம்மா?" என்றுதான் முதல் கேள்வி.

இந்த வருடப் படிவத்தில் படத்தில் இருப்பவரின் பெயருக்கும், அவர் சம்மதத்துக்கும் கட்டம் போடுங்கள். அந்தச் சுவரில் அன்னா அட்கின்ஸுக்கு இடம் கொடுங்கள். கூடவே ஒரு நாள், மண்டபத்துக்கு வெளியே வெயிலில், பாசி எடுக்கும் பெண்களே நீல அச்சு எடுத்துத் தங்கள் பெயரைத் தங்கள் கையால் எழுதி மாட்டட்டும். தாள், ரசாயனம், எலுமிச்சம்பழம் எல்லாம் நான் கொண்டுவருகிறேன். நிழலில் ஒரு மேசையும் நாலு வாளியும் மட்டும் நீங்கள் தந்தால் போதும்.

போன வருடப் படத்தை மறுபடி மாட்டுவதாக இருந்தால் அம்மாவின் பெயரைத் தனியே எழுதி அனுப்புகிறேன். அது முதலில் வர வேண்டிய இடம் அந்தப் படத்தின் அடி. அவரிடம் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போடச் சொல்லு. ரேஷன் கார்டுல இருக்குற மாதிரியே, இனிஷியலோட."

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து, பாசி எடுப்பவரின் மகள்