நீங்கள் பார்க்காத கோடை

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து எழுதுகிறேன். நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பேத்தி மஞ்சள் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். பேரன் தூங்குகிறான். உங்கள் மருமகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாள். அவன் விழிப்பதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

ஞாயிறுதோறும் நாம் போனில் பேசத்தான் செய்கிறோம். சுகமா, சாப்பிட்டாச்சா, பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானா என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எழுதினால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது.

நீங்கள் நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பினீர்கள். நீங்கள் போன எட்டாம் நாள் நான் வந்து இறங்கினேன். அதே கீழறை, அதே கட்டில், ஜன்னலோரம் அதே நாற்காலி. கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் நீங்கள் விட்டுப்போன கோடாலித் தைலம் பாதிப் புட்டி இருந்தது. பயணம் செய்து வந்த கால்வலிக்கு முதல் நாள் ராத்திரி அதைத்தான் தேய்த்துக்கொண்டேன். கல்யாணத்திலும் அதற்குப் பின் இரண்டு மூன்று விசேஷங்களிலும் பார்த்துக்கொண்டதைத் தவிர நமக்குள் என்ன பழக்கம்? ஆனால் இந்த ஐந்து மாதமும் உங்களோடு ஒரே அறையில் இருந்த மாதிரிதான் இருக்கிறது.

மறுநாள் காலையில் சமையலறை அலமாரியைத் திறந்தேன். வரிசையாகப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் நோட்டுத் தாளைக் கிழித்து ஒட்டி, நீலப் பேனாவால் எழுதியிருந்தீர்கள். கொள்ளுப் பொடி, பூண்டுப் பொடி. ஒன்றில் ‘செலவு’ என்று இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செலவு என்றால் பணம்தான். திறந்து மோந்து பார்த்தபோதுதான் சுக்கும் திப்பிலியும் சித்தரத்தையும் தெரிந்தன. கடைசிப் புட்டியில் ‘கண்ணுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. கண்ணுக்கு ஏதோ மருந்து போலிருக்கிறது என்று எண்ணி மகளிடம் கேட்டேன்.

“என்னைத்தாம்மா அத்தை கண்ணுன்னு கூப்பிடுவாங்க” என்றாள்.

நான் அந்தப் புட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பது தாய்வீட்டுக் கடமை. டிசம்பரில் என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகிப் படுக்கையில் கிடந்தார். என்னால் நகர முடியவில்லை. ஜனவரியில் பேரன் பிறந்ததை இந்த போனில்தான் பார்த்தேன். படத்தில் குழந்தை தெரிந்தது, மகள் தெரிந்தாள். போனைப் பிடித்திருந்த உங்கள் குரல் மட்டும் கேட்டது. எனக்கு சந்தோஷம்தான். கூடவே மனத்தில் ஒரு முள்ளும் தைத்தது. நான் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்கிறாரே என்ற முள்.

அந்த முள்தான் பிப்ரவரியில் என்னை அப்படிப் பேசவைத்தது. “எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்கு உளுந்தங்களிதான் குடுப்போம், இந்தக் கொள்ளெல்லாம் சூடு” என்றேன். “சரிங்க” என்ற ஒரே சொல்லோடு நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு மே மாதம்தான் தெரியும். மறுநாளே பிள்ளையை ஓக் ட்ரீ ரோட்டுக்கு அனுப்பிக் கறுப்பு உளுந்து வாங்கிவரச் சொன்னீர்களாம். முதல் கடையில் கருப்பட்டி கிடைக்காமல் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாராம் மாப்பிள்ளை. களியைக் கிண்டி, குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு, “உங்கம்மா சொன்னாங்க கண்ணு, சாப்பிடு” என்று நீங்கள் கொடுத்ததை மகள் சொன்னாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் இந்த வீட்டைப் பனியில்தான் பார்த்திருக்கிறீர்கள். கோடையில் பார்த்தால் வேறு வீடு என்பீர்கள். நாலரைக்கே இருட்டிவிடுகிறது, மனசே சரியில்லை என்று ஒருதரம் சொன்னீர்களே. ஜூன் மாதத்தில் எட்டரை மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. எனக்கு விளக்கேற்றுவதில் குழப்பம் வந்துவிட்டது. ஊர் வழக்கப்படி ஆறு மணிக்கு ஏற்றினால் வெயில் சுவரில் அடிக்கிறது. எட்டரை வரை காத்திருந்தால் கை பரபரக்கிறது. “இன்னும் பகலா இருக்கே ஆச்சி, எதுக்கு வெளக்கு?” என்று பேத்தி கேட்டாள். அன்றிலிருந்து அவள் ஜன்னலில் பார்த்து “இப்ப ஏத்தலாம்” என்று சொன்ன பிறகுதான் ஏற்றுகிறேன். அதற்காகவே அவள் விளையாட்டை விட்டு வந்துவிடுகிறாள்.

மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை எங்களை கிறிஸ்டி தெருவில் உள்ள கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். 1876இல் எடிசன் ஆய்வுக்கூடம் வைத்த இடம் அது. 1879இல் மின்விளக்கை எரியவைத்துக் காட்டியதும் அங்கேதான். 131 அடிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய பல்பு. 1954 வரை இந்த ஊருக்கு ராரிட்டன் என்றுதான் பெயராம். பிறகுதான் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதை யார் சாயங்காலம் ஏத்துவா ஆச்சி?” என்று கேட்டாள்.

ஜூன் கடைசியிலிருந்து ஒரு மாதம் கொல்லையில் மின்மினி. நீங்கள் வெள்ளையாகப் பார்த்த அதே கொல்லையில், புல்லிலிருந்து ஒவ்வொன்றாக மேலே எழும்பி மினுக்கும். சின்ன வயதில் எங்கள் ஊர் வயல்வரப்பில் பார்த்தது. பிறகு எங்கே பார்த்தேன்? அவள் ஜாம் புட்டி மூடியில் ஓட்டை போட்டு நாலைந்து பிடிப்பாள். தூங்கப்போகும் முன் திறந்துவிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

பகல் வேளைதான் இங்கே நீளம். தெருவில் ஆள் நடமாட்டமே கிடையாது. சாயங்காலம் பார்க்குக்குப் போனால் என்னைப் போல வந்த அம்மாக்கள் ஆறேழு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். குஜராத்தி, தெலுங்கு, தமிழ். எப்போது வந்தீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. மெட்ராஸில் வெகுகாலம் இருந்த ஒரு தெலுங்கம்மா, நான் எந்த வீடு என்று சொன்னதும் கேட்டார்: “பனியில கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டுத் தனியா தெருக்கோடி வரைக்கும் நடப்பாங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

சம்பந்தியம்மா, நீங்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச்சுத்துணைக்குப் பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், கொல்லையில் வெயில் இருக்கிறது. அப்படியும் சில மத்தியானங்களில் ஊருக்குப் போய்விடலாம் என்று அழுகை வரும். ஊரில் அவர் விழித்து போனை எடுக்க இங்கே ராத்திரி எட்டரையாவது ஆக வேண்டும். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உங்கள் காலத்தில் அது பத்தரை. ஒற்றை ஆளாக, பேச்சுத்துணை இல்லாமல், பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு அந்த நான்கைந்து மாதத்தை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள்? தாளித்தால் புகை அலாரம் கத்துகிறதே என்று நான் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். பனியில் அதற்கும் வழியில்லை. நீங்கள் தாளிக்கும்போதெல்லாம் பேத்தி அலாரத்துக்குக் கீழே நின்று துண்டை வீசுவாளாம். இப்போதும் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் துண்டோடு ஓடிவருகிறாள். “ஜன்னல் திறந்திருக்கு, வேண்டாம்மா” என்றால், “அப்பத்தாவுக்கு நான்தான் வீசுவேன்” என்கிறாள்.

கறிவேப்பிலைச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து இலைகூடக் கொண்டுவர விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் தங்குமாம். அதனால் வீட்டுச் செடிதான் கதி. நான் வந்தபோது ஒரு இலை இல்லை, வெறும் குச்சி. தூக்கிப் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, “வேர் உசுரோட இருக்குது சாமி, வெய்ய வரட்டும்” என்று தெற்கு ஜன்னலோரம் வைத்து அளந்து தண்ணீர் விட்டீர்களாம். மே பாதியில் ராக்குளிர் விட்டதும் நான் வெளியே எடுத்து வைத்தேன். இரண்டு வாரத்தில் கணுவுக்குக் கணு சிவப்பாய்த் துளிர்த்தது. இன்றைக்கு என் இடுப்பு உயரம் நிற்கிறது. காப்பாற்றிக் கொடுத்தது நீங்கள். நான் கிளம்பும் முன் உள்ளே எடுத்து அதே ஜன்னலோரம் வைத்துவிடுவேன்.

உங்கள் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி பதினொரு மணிக்குப் பால் புட்டிகளைக் கழுவிக் கொதிக்கவைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் படுக்கிறார். மூன்று மணிக்குக் குழந்தை அழுதால் என் மகளுக்கு முன்னால் அவர் எழுந்துவிடுகிறார். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் பெரிதாக நினைக்கவில்லை. பெற்றவளுக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூலை வெயிலில் கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் போட்டு, உங்கள் புட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நானும் தாள் ஒட்டி எழுதியிருக்கிறேன். பூண்டுப் பொடி தீர்ந்துவிட்டது. ‘கண்ணுக்கு மட்டும்’ புட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன், தாளைக் கிழிக்கவில்லை.

அக்டோபர் நடுவில் ஊர் வந்துசேருவேன். ஒரு வாரம் கழித்து நானும் அவரும் ஈரோட்டுக்கு வருகிறோம். நெல்லையிலிருந்து நேர் வண்டி இருக்கிறது. அவருக்கும் இப்போது பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தி உங்களுக்காக மூன்று படம் வரைந்து பெட்டியில் வைத்திருக்கிறாள். வருகிறபோது நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அரிசியும் பருப்பும் போட்டு நீங்கள் வைக்கும் சாதத்தை எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் எட்டுத் தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பேத்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, என் மனது நோகாமல் “நல்லாத்தான் இருக்கு ஆச்சி, ஆனா அப்பத்தா சோறு இல்லை” என்கிறாள்.

பேரன் விழித்துவிட்டான்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி