ஒரே சேலஞ்ச் எல்லோருக்கும் போகிறது: உங்கள் சர்வர் லைப்ரரி பற்றிப் புகார்

பெறுநர்:
தயாரிப்புப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு

பொருள்: லாகின் மாட்யூலில் உள்ள கடுமையான பாதுகாப்புக் குறையும், அதை உங்கள் சப்போர்ட் பிரிவு தட்டிக் கழித்ததும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நெட்வொர்க் சர்வர் லைப்ரரியைக் கட்டண உரிமம் வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். எங்கள் சென்சார்கள் எல்லாம் உங்கள் சேலஞ்ச்-ரெஸ்பான்ஸ் (சர்வர் ஒரு சவால் மதிப்பை அனுப்ப, சாதனம் தன் ரகசியச் சாவியைக் கொண்டு பதில் தரும் முறை) மாட்யூல் வழியாகத்தான் சர்வருக்குள் நுழைகின்றன. ரகசியச் சாவி தெரியாத ஒருவரும் அதே வழியில் நுழைந்துவிடலாம் என்பதுதான் என் புகார். சப்போர்ட்டுக்கு எழுதினேன். "பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போவதே இல்லை, எனவே பாதுகாப்பானது" என்று ஒற்றை வரி பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அதனால்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

மின்சாரம் போய் வந்த ஒரு சமயம், எல்லா சென்சார்களும் ஒரே நேரத்தில் மறுபடி இணைந்தன. இணைப்பு ஏன் தாமதமாகிறது என்று பார்க்க பாக்கெட்டுகளைப் பதிவு செய்திருந்தேன். சர்வர் முதலில் 16 பைட் சேலஞ்ச் அனுப்புகிறது. சென்சார் அதைத் தன் சாவியோடு சேர்த்து ஹாஷ் செய்து, அதாவது சாவியைத் திரும்பப் பெற முடியாத ஒரு சுருக்க மதிப்பாக மாற்றி, பதில் அனுப்புகிறது. முறை சரிதான். ஆனால் ஒரே நொடியில் வந்த எல்லா இணைப்புகளுக்கும் அதே 16 பைட்தான் போயிருந்தது. அடுத்த நொடியில் வேறு 16 பைட், அதுவும் எல்லோருக்கும் பொது. நீங்கள் தரும் சோர்ஸைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: ஒவ்வொரு இணைப்பிலும் நொடிக் கணக்கிலான நேரத்தை விதையாகக் கொடுத்து எஸ்ராண்டை (srand) அழைக்கிறீர்கள், பிறகு அந்த விதையிலிருந்து எண்களை உருவாக்கும் ராண்டிலிருந்து (rand) 16 பைட் எடுக்கிறீர்கள். விதை ஒன்று என்றால் விளைச்சலும் ஒன்றுதானே?

இதைச் சோதித்தும் பார்த்தேன். உண்மையான சென்சார் இணையும் அதே நொடியில், சாவியே இல்லாத இன்னொரு கணினியிலிருந்து அதன் பெயரைச் சொல்லி இணைந்தேன். சென்சார் அனுப்பிய பதிலைப் பதிவிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பினேன். சர்வர் ஏற்றுக்கொண்டது.

உங்கள் சப்போர்ட் சொன்னது பாதி உண்மை. பாஸ்வேர்டு வெளியே போகவில்லைதான். ஆனால் சேலஞ்ச் திரும்ப வந்தால், அதற்கான பதிலே பாஸ்வேர்டாகிவிடுகிறது. வாசலில் கிழிக்காத டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி காட்டலாம் அல்லவா? இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இதே சேலஞ்ச்-ரெஸ்பான்ஸ் வகையைச் சேர்ந்த சேப் (CHAP) நெறிமுறையை விவரிக்கும் இணைய ஆவணமான ஆர்எஃப்சி 1994, 1996 ஆகஸ்டில் வெளிவந்தது. சேலஞ்ச் ஒவ்வொரு முறையும் தனித்ததாக இருக்க வேண்டும், முன்கூட்டி ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, ஏன் என்றும் அது விளக்குகிறது.

அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நாளை அதிகாலை 3 மணிக்கு உங்கள் சர்வர் என்ன சேலஞ்ச் தரும் என்பதை இன்றே யாரும் கணக்கிட்டுவிடலாம். ஒருவர் இன்று சர்வர் போல் நடித்து அந்தச் சேலஞ்சை என் சென்சாரிடம் கொடுத்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். நாளை அந்த நொடியில் நிஜ சர்வரிடம் அதை நீட்டினால் போதும். அப்போது சென்சார் இணைப்பில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பேட்டரிக் கடிகாரம் இல்லாத சிறிய போர்டில் சர்வரை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ரீபூட் ஆனதும் கடிகாரம் பழைய நேரத்தில் தொடங்கி, நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் வரும்வரை ஏற்கெனவே கொடுத்த சேலஞ்சுகளையே மறுபடி கொடுக்கக்கூடும். அப்படிப்பட்ட போர்டுகளைத்தான் உங்கள் கையேடு பரிந்துரைக்கிறது!

அப்புறம், சிறிய குறைகள் போலத் தெரியும் சில. தவறான பதில் வந்த பிறகும் சர்வர் அதே சேலஞ்சோடு அதே இணைப்பில் மறுபடி மறுபடி முயல விடுகிறது. பதிலைச் சரிபார்க்க, பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் (memcmp) ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள். முதல் தப்பான பைட்டிலேயே அது நின்றுவிடலாம், எத்தனை பைட் சரி என்பது எடுக்கும் நேரத்தில் கசியும். நெட்வொர்க்கின் மறுமுனையிலிருந்து அந்த நேர வித்தியாசத்தை அளப்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேலஞ்ச் மாறாததால் எதிர்பார்க்கும் பதிலும் மாறாது, அளப்பவருக்கு நீங்களே அவகாசம் தருகிறீர்கள். பட்டியலில் இல்லாத பெயரைச் சொன்னால் சேலஞ்சே தராமல் இணைப்பைத் துண்டிப்பதால், எந்தப் பெயர் உண்மை என்பதும் வெளியே தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் விளக்கி மறுபடி எழுதியபோது, "டிஎல்எஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள், அதாவது இணைப்பையே மறையாக்கம் செய்யச் சொன்னார்கள். டிஎல்எஸ்ஸின் அருமை எனக்குத் தெரியும், நினைவகம் இடம்கொடுக்கும் சாதனங்களில் எல்லாம் போட்டிருக்கிறோம். ஆனால் மறையாக்கம் இல்லாத வெறும் டிசிபி இணைப்பிலும் இந்த லாகின் பாதுகாப்பானது என்று உங்கள் கையேட்டின் முதல் அத்தியாயமே சொல்கிறது. அதை நம்பித்தான் வாங்கினோம்.

சரிசெய்வதும் பெரிய வேலை இல்லை. சேலஞ்சை இயங்குதளம் தரும் கிரிப்டோ தரமான, ஊகிக்க முடியாத ரேண்டம் மூலத்திலிருந்து எடுங்கள். அதை அந்த இணைப்போடு மட்டும் கட்டி வையுங்கள். பதில் வந்ததும், சரியோ தப்போ, ஒப்பிடும் முன்பே அழித்துவிடுங்கள். சில நொடிகளில் காலாவதியாக்குங்கள். ஒப்பிட எப்போதும் ஒரே நேரம் எடுக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். தெரியாத பெயருக்கும் ஒரு சேலஞ்சைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மறுத்தால் போதும். அடுத்த பெரிய பதிப்பில் சாவிகளைச் சர்வரில் அப்படியே சேமிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அதற்கு ஸ்கிராம் (SCRAM) என்ற லாகின் முறை 2010-லேயே ஆர்எஃப்சி 5802-ஆக வந்துவிட்டது.

நான் கேட்பது இவைதான். இந்தத் திருத்தம் நாங்கள் இப்போது பயன்படுத்தும் பதிப்புக்கே இலவசமாக வர வேண்டும். "அடுத்த பதிப்புக்கு மாறுங்கள்" என்ற பதிலை ஏற்க மாட்டேன். எந்தெந்தப் பதிப்புகளில் இந்தக் குறை இருக்கிறது என்பதை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள், இதற்கு ஒரு சிவிஇ எண்ணும் (பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பதிவு எண்) வாங்குங்கள். என்னைப் போல் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் இன்றும் இதை நம்பிச் சாதனங்களை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். திருத்தம் வரும்வரை, வெறும் டிசிபியிலும் பாதுகாப்பானது என்ற அந்த வாக்கியம் கையேட்டில் இருக்கக் கூடாது.

பாதுகாப்புத் துறையில் பரவலாக உள்ள 90 நாள் அவகாசத்தை உங்களுக்கும் தருகிறேன். அதுவரை விவரங்களை வெளியிட மாட்டேன். அதற்குள் திருத்தம் வராவிட்டால், மற்றவர்களின் பாதுகாப்புக்காக வெளியிடுவேன். மீதமுள்ள உரிமக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தரும்படியும் கேட்பேன்.

பாக்கெட் பதிவையும் சோதனை நிரலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். சாவிகளை மாற்றிவிட்டோம், எனவே உங்கள் பொறியாளர்கள் தயங்காமல் ஓட்டிப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் அவர்களே என்னிடம் நேரடியாகப் பேசட்டும்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் சர்வர் நிரலாளர்