சனி இரவு சூமில் சந்திப்போம்

வணக்கம் சேர்மார், ரீச்சர்மார்.

வரும் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு சூமில் கூடுகிறோம். இலவசக் கணக்கு, 40 நிமிடத்தில் வெட்டிவிடும். சுகம் விசாரிப்பதை இந்தக் குழுவிலேயே முடித்துக்கொள்வோம். மூதூர், வெருகல் பக்கம் சிக்னல் இழுபறி என்றால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் இருங்கள்.

இம்முறை விஷயம் ஃபெட் (PhET) தளம்: விஞ்ஞானப் பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. இலவசம், தமிழிலும் பல உண்டு. மின்சுற்றுப் பாடத்துக்கு நன்றாகக் கைகொடுக்கும்: மின்கலம், கம்பி, மின்குமிழ் என்று இழுத்துப் பொருத்தினால் இலத்திரன்கள் ஓடுவது தெரியும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும்! பிள்ளைகள் அதைத்தான் முதலில் செய்வார்கள். செய்யட்டும், குறுஞ்சுற்று என்றால் என்னவென்று அங்கேயே விளங்கிவிடும். வீட்டில் வைஃபை கிடைக்கும்போது தரவிறக்கி வைத்தால் வகுப்பில் இணையம் தேவையில்லை.

கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ, தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சான்றிதழ் சேர்க்கும் இணைய வகுப்புகளில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. கிண்ணியாவில் ஒருவர் இதே பாடத்தை எப்படி எடுத்தார் என்று கேட்பது அதைவிடப் பலன். ஆகவே ஆளுக்கொரு பாடக்குறிப்போடு வாருங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி.

அப்புறம், மாணவர் முகம் தெரியும் வகுப்பறைப் படங்களை இங்கே போட வேண்டாம். இணைப்பு சனி மாலை வரும்.