கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் சிகிச்சைக்கு வந்திருக்கும் புதிய கருவிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் எந்தக் கருவியாலும் இனிப் பயனில்லை என்று ஆகிவிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். அதற்கப்புறமும் பலர் மாதக்கணக்கில், சிலர் வருடத்துக்கு மேலும் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. கீமோ ஏற்றினார்கள், கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். வீட்டில் அவரிடம் சொன்னது "வயித்துல புண்ணு" என்று மட்டும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 'புற்றுநோய்ப் பிரிவு' என்ற பலகைக்கு நேர் கீழே பெஞ்சில் உட்கார்ந்துதான் டோக்கனுக்குக் காத்திருந்தார். தெரியாமல் இருக்குமா? அவர் நமக்காக நடிக்க, வீடு அவருக்காக நடிக்க, மனசுவிட்டுப் பேச யாருமில்லாமல் போனது.

மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வந்த பிறகு, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்தை வாங்கி வைப்பதில் மருத்துவமனைகளுக்கு இருந்த கெடுபிடி தளர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இருப்பதால் செவிலியர் வீட்டுக்கே வந்தார். ஆனாலும் மாத்திரை போட்ட ராத்திரிகளிலும் பெரியம்மா "வலிக்குது, வலிக்குது" என்றுதான் புரண்டார்.

ஒருநாள் அந்தச் செவிலியர், பெரியப்பாவை டீ போட அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, எதை நெனச்சா உங்களுக்கு ரொம்பக் கவலையா இருக்கு?" என்று கேட்டார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகையைப் பற்றி! பேரன் படிப்புக்காக யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார். ரசீது டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில். கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும். பேச வாயெடுத்த போதெல்லாம் "அதெல்லாம் ஒடம்பு தேறட்டும்" என்று பெரியப்பா அடக்கியிருக்கிறார். நகையைத் திருப்பியதும் வலி பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இது சினிமா இல்லை. ஆனால் ராத்திரிப் புலம்பல் பாதியாகக் குறைந்தது.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் சொன்னதும் இதுதான். உடம்பு வலி, மன வேதனை, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன்' என்ற கேள்வி எல்லாம் பின்னிக் கிடக்கும்போது ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்றார். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு அப்புறம் டாக்டருக்குப் படித்தவர் அவர். இது வெறும் ஆறுதல் பேச்சும் இல்லை. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புக் குழுவின் கவனிப்பும் கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் இரண்டரை மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவும் இல்லை. "உங்க உடம்பைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க? இன்னும் தெரிஞ்சுக்கணுமா?" என்று நோயாளியையே கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இப்படிக் கேட்கப் பழகிய ஆள் வேண்டும், அவருக்கு நேரமும் வேண்டும். பெரியம்மாவுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். ஒரே செவிலியர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கும்போது எத்தனை கட்டில் ஓரத்தில்தான் உட்கார முடியும்?

பக்கத்துக் கேரளத்தில் இதற்கு ஊர் மக்களையே பழக்கினார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய முயற்சி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் தன்னார்வலர்கள் கைக்குப் போய், 2008-இல் அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்துச் செவிலியரோடு ஊர்க்காரரும் போகிறார். அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்றும் பார்க்கிறார்கள். நம் ஊர் மகளிர் குழுக்களுக்கு இது ஆகாத காரியமா?

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே தனி டம்ளர் வைக்கச் சொன்ன உறவினர் உண்டு. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது? புண்ணின் வாடைக்குப் பயந்து வராமல் இருப்பவர்களும் உண்டு, அதற்குக் கூசி ஆட்களை வரவிடாத நோயாளிகளும் உண்டு. டாக்டரிடம் கேட்டால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வார். விலை குறைந்த மருந்து, வாடை நன்றாகக் குறையும். இதைச் சொல்ல ஆளில்லாமலே அறைக்குள் முடங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ.

அதே கதைதான் ரயில் சலுகைக்கும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். பலருக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது. காரணம், சொல்வது யாருடைய வேலையும் இல்லை. புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் சமூகப் பணியாளர் இருக்க வேண்டும், 'வீட்டுக்குப் போங்க' என்று சொல்வதற்கு முன்பே குடும்பம் அவரைப் பார்த்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் என்ன? கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அவரே துணை. ராத்திரி தூக்கம் கெட்டுத் தவிக்கும் மகளோ மருமகளோ 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்பதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் அச்சடிக்கப் பெரிய செலவும் ஆகாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த அரசு மருத்துவமனையில் நோய்த்தணிப்புப் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது, மார்பின் எங்கே கிடைக்கிறது என்பதை விசாரித்து, மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மாதம் ஒருமுறை போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்