பொற்கொடிக்கு: ஜோடி வந்து சேர்ந்தது

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பொற்கொடி,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கிரிஜா சொன்னாள். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா, இல்லை விளக்கெண்ணெய்தான் உசத்தி என்று டாக்டரிடமே வாதாடுகிறாரா? இங்கே எல்லாரும் சௌக்கியம். என் வீட்டுக்காரர் மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம் கீழே வருகிறது.

போன் செய்திருக்கலாம். நீ பாதியில் "சரிடி, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். இது பாதியில் வைக்கிற விஷயமில்லை. பங்காய் கார்டினல் மீன் வாங்கியிருக்கிறேன். ஒரு ஜோடி. ஆன்லைனில்.

சிரித்து முடித்தாயா? லேப் தொட்டி கழுவச் சொன்னால் தலைவலி என்று ஹாஸ்டலுக்கு ஓடியவள்தான் இப்போது கடலே இல்லாத ஊரில், ஹாலில், இருநூறு லிட்டர் உப்புத் தண்ணீரை வைத்துக் காவல் காக்கிறாள். நாம் படித்த வெள்ளாற்றங்கரையில் ஓசியில் கிடைத்த உப்புத் தண்ணீரை இப்போது ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடி கலந்து, உப்பு அடர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறேன். நமக்கு வகுப்பெடுத்த ஜெல்லி சார் கேள்விப்பட்டால் கடலட்டை விவகாரத்தைக்கூட மன்னித்துவிடுவார்.

இந்த மீன்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடித்தேன் என்று நீ கேட்பாய். ஜெல்லி சார் காட்டிய அந்த மங்கல் ஸ்லைடு ஞாபகமிருக்கிறதா, வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, கறுப்புத் துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி? கூமன்ஸ் என்ற மீன் ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்தது 1933-ல். அப்புறம் அறுபது வருடம் போல உலகமே மறந்துவிட்டது. 1990-களின் நடுவில் ஜெரால்ட் ஆலன் என்ற இன்னொரு மீன் ஆய்வாளர் அதைத் திரும்ப எழுதி, படம் வெளியான பிறகு, எல்லாருக்கும் வேண்டியதாகிவிட்டது. இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே பங்காய் தீவுகளைச் சுற்றித்தான் அதன் சொந்த இருப்பிடம். 2000-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஆறேழு லட்சம் மீன்களைப் பிடித்து அனுப்பியதாகக் கணக்கு. 2007-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தது. அதே வருடம் அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் சேர்க்க அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் வாபஸ் ஆனது. இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வாங்குவதற்கு முன் இத்தனையும் தெரிந்துதான் வாங்கினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திலேயே என்னைத் திட்டத் தொடங்கிவிடுவாய்.

விற்றது ஒரு சின்னப் பையன். போனில் 'மேடம், மேடம்' என்று உருகுவான். தனி மீன் ஒரு விலை, 'கன்ஃபார்ம்டு பேர்' என்றால் இரண்டு மீன் விலைக்கு மேலே இன்னும் கொஞ்சம். இந்த மீனில் ஆண் எது, பெண் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தாடை பெரிதாக இருந்தால் ஆண் என்பார்கள். அதை நம்பிக் காசு போட முடியுமா? எனவே, "ஜோடி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "மேடம், நல்லா ஜோடியா இருக்கு" என்றான். சரி, மூன்றாவதாக ஒரு மீனை அந்தத் தொட்டியில் விட்டு வீடியோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் தொட்டி மூலை வரைக்கும் விரட்டின. பாவம், அது. உடனே எடுத்துவிடு என்று நானே கத்தினேன். ஆனால் ஜோடி விஷயத்தில் எனக்குத் திருப்தி.

அடுத்த கேள்விதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா? "டாப் குவாலிட்டி மேடம்." அது இல்லை தம்பி, எங்கே பிறந்தது? "இந்தோனேசியா மேடம்." கடலா, பண்ணையா? கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. பார்த்தால் பவளத் துண்டு! "இதுவும் இருக்கு மேடம், செட்டா எடுத்தா டிஸ்கவுண்ட்." வனவிலங்குச் சட்டத்தில் கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பதை டிஸ்கவுண்டில் தருகிறானாம். நான் கொடுத்த வகுப்பை நீ கேட்டிருந்தால், உன் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் நல்லவர்கள் என்று சொல்லியிருப்பாய்.

கடைசியில் காய்ந்த பெல்லெட் சாப்பிடுகிற வீடியோ கேட்டு வாங்கினேன். கடலில் பிடித்தது பெரும்பாலும் உயிருள்ள இரை இல்லாமல் வாயைத் திறக்காது. இவை இரண்டும் பெல்லெட்டைத் துரத்தித் துரத்தித் தின்றன. இதுவும் முழுச் சாட்சி இல்லை, பிடித்ததையும் பழக்கிவிடலாம். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பில்லில் 'அலங்கார மீன், 2' என்று மட்டும் இருக்கிறது. இது இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

பஸ் பார்சலில், தெர்மோகோல் பெட்டியில், ஆக்ஸிஜன் அடைத்த பையில் வந்தன. ராத்திரி முழுக்கப் பயணம். பையைத் திறந்து, டியூபில் சொட்டுச் சொட்டாக நம் தொட்டித் தண்ணீரை விட்டு மணிக்கணக்கில் பழக்கச் சொன்னான் அந்தப் பையன். நான் செய்யவில்லை. மூடிய பைக்குள் மீன் விடுகிற கரியமில வாயுவால் பி.ஹெச். இறங்கியிருக்கும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால்தான் சேர்ந்திருக்கும் அம்மோனியா விஷமாகாமல் அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறிப் பி.ஹெச். ஏறும், அம்மோனியா மீனைத் தாக்கும். உள்ளே வைத்து மணிக்கணக்கில் சொட்டு விடுவது விஷத்தில் ஊறவைப்பதுதான். வெப்பத்தைச் சமன் செய்துகொண்டு, உப்பு அளவு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சட்டென்று தொட்டிக்கு மாற்றிவிட்டேன், பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு. இப்படி நானே யோசித்துச் செய்தேன் என்று உனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரோடு சண்டை இதனால்தான்: இன்வெர்ட்டர் இப்போது அவருடைய ஃபேனுக்கு அல்ல, தொட்டி பம்புக்கு. போன வாரம் மதியம் கரண்ட் போனபோது மனுஷன் வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார், மீன்கள் சுகமாக நீந்தின. "நான் மீனாகப் பிறந்திருக்கலாம்" என்றார். கார்டினலா, சாளையா என்று கேட்டேன். அன்றிலிருந்துதான்.

அப்புறம், கேபிள் டை கதை. கடலில் இவற்றின் குஞ்சுகள் கடல் முள்ளெலியின் முட்களுக்குள் ஒளியும், பெரிய மீனும் ஆபத்து வந்தால் அங்கேதான் ஓடும். நிஜ முள்ளெலிக்கு எங்கே போவேன்? கறுப்பு கேபிள் டைகளை எபாக்ஸிப் பசை உருண்டையில் குத்திக் குத்தி ஒரு பொய் முள்ளெலி செய்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன். மீன்கள் அதை நம்பி, பக்கத்திலேயே நிற்கின்றன.

இப்போது முக்கிய விஷயம். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மீன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. தாடை உப்பி, சாப்பாடு போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்றது அதன் முன்னாலேயே சுற்றிக் காவல் காத்தது. ஏதோ வியாதி என்றுதான் முதலில் பயந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்குள் ஆரஞ்சு உருண்டைகள்! அப்பா மீன் முட்டையைச் சுமக்கிறான், பொற்கொடி! சுமார் இருபது நாள் முட்டை, பொரிந்த பிறகும் பத்து நாள் போலக் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருப்பான், ஒரு வாய் சாப்பாடு இல்லாமல். வெளியே விடும்போது குஞ்சுகள் குட்டிப் பங்காயாகவே இருக்கும். மிதக்கும் லார்வா பருவமே கிடையாது. அதனால்தான் தீவுக்குத் தீவு தனித்தனி இனக்கூட்டமாக நிற்கிறது, ஓரிடத்தில் அழித்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்பாது.

பயமும் இருக்கிறது. முதல் தடவை அப்பாக்கள் பாதியில் முட்டையை விழுங்கிவிடுவது சகஜம். நான் ஹாலில் நடப்பதைக்கூடக் குறைத்துவிட்டேன். டிவி சத்தம் பாதி. வீட்டுக்காரர் இதற்கும் சேர்த்துக் கோபம், ஆனால் நேற்று ராத்திரி அவரே எழுந்து வந்து கண்ணாடி பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்பார்.

நேற்று அந்தப் பையன் மெஸேஜ் போட்டான்: "குஞ்சு வந்தா நானே எடுத்துக்கிறேன் மேடம், நல்ல விலை." இதில்தான் நீ வேண்டும். நாற்பது குஞ்சு வந்தால் இருநூறு லிட்டரில் வளர்க்க முடியாது. பெரிதானால் ஒன்றையொன்று விரட்டும். அவனிடம் கொடுத்தால், கடலிலிருந்து வரும் நாற்பது மீனுக்குப் பதில் இவை விற்கும் என்று ஒரு மனது சொல்கிறது. இன்னொரு மனது, தொட்டியில் பிறந்தது என்று சொல்லி எல்லாவற்றையும் அவன் விற்பானே, இவற்றின் பெயரில் மற்றதும் போகுமே என்கிறது. பங்காய் தீவுகளில் முள்ளெலிகளையும் கடல் சாமந்திகளையும் எடுத்து, குஞ்சுகள் ஒளிய இடமே குறைந்துகொண்டிருப்பதாகப் படித்தேன். அப்படியானால் மீன் வாங்காததால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? அங்குள்ள மீனவர்களுக்கு ஒரு மீனுக்குக் கிடைத்ததும் சொற்பம். நீ தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், தெளிவாகச் சொல்வாய் என்று நம்புகிறேன். உன் கல்லூரித் தொட்டியில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் பாக்கியைப் பற்றி யோசிக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது: அங்கே நல்ல ஆர்ட்டீமியா முட்டை (குஞ்சு மீன்களுக்கு இரையாகும் உப்புநீர்ப் பூச்சி போன்ற குட்டி இறால்) கிடைத்தால் ஒரு டப்பா அனுப்பு, இங்கே கிடைத்தது பாதிதான் பொரிகிறது. சத்து ஏற்றாத ஆர்ட்டீமியாவைக் கொடுத்தால் குஞ்சுகள் பயந்தவுடன் சுருண்டு செத்துவிடும் என்பதால் அதற்கான எண்ணெயும் வேண்டும். உங்கள் லேபில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுது. முடிந்தால் அடுத்த மாதம் மூன்றாவது வாரம் நீயே வா. ஜெல்லி சாரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே, குஞ்சுகள் நீந்திய பிறகு நானே போன் செய்வேன்.

உன்,
மல்லிகா