வான்கோழிக் கறி சக்கையாவது ஏன்?

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் வந்தால் பெரம்பூர், ராயபுரம் பக்கம் சில வீடுகளில் வான்கோழி அடுப்பேறும். மறுநாள் ஒரே புலம்பல்: நெஞ்சுக்கறி சக்கை, கால் ரப்பர். இரண்டையும் ஒரே நேரம் வேகவிடுவதுதான் தப்பு. நெஞ்சில் கொழுப்பு குறைவு. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்காவிட்டால் நீர் வடிந்து நாராகிவிடும். ஓடித் திரிந்த காலோ இளக நேரம் கேட்கும். அமெரிக்கக் காட்டு வான்கோழிக்கு இது இன்னும் பொருந்தும், அது பண்ணைப் பறவையைவிட ஒல்லி.

கடையிலேயே நெஞ்சையும் காலையும் தனித்தனியாக வெட்டி வாங்குங்கள். நெஞ்சுத்துண்டுகளை, லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் 4 மணி நேரம் ஃப்ரிஜ்ஜில் ஊறவையுங்கள். அப்புறம் மசாலாவில் உப்பைக் குறைக்காவிட்டால் காசிமேட்டுக் கடல் தண்ணீர்தான்!

கால் துண்டுகளை மிளகு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தோடு குக்கரில் போட்டு, முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 30 நிமிடம். முற்றிய ஆண் வான்கோழி என்றால் 45. வெந்ததும் காலில் தீக்குச்சி போல் விறைத்து நிற்கும் தசைநார்களை உருவி எறியுங்கள். அந்தச் சாறு கொதிக்கும்போது நெஞ்சுத்துண்டுகளைப் போட்டு மூடினால் 10, 12 நிமிடம் போதும். விசில் வேண்டாம்.

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11